தண்ணீர் பாட்டில் ஏன் நிரம்பியே வீட்டுக்குத் திரும்புகிறது?

கேள்வி: அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருக்கிறேன். தன் 26 வயது மகனை அடிக்கடி கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டியிருப்பதால் மதியத்துக்கு மேல் தண்ணீரே தருவதில்லை என்று ஒரு தாய் புகார் கொடுத்திருக்கிறார். பையனுக்குப் பேச்சு அதிகம் வராது. ஆயாக்கள் மறுக்கிறார்கள். விசாரிக்கும் பொறுப்பு என் தலையில். எங்கே தொடங்குவது?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பிள்ளையிடமிருந்தே தொடங்குங்கள். பேச்சு வராது என்று எழுதிய கையோடு ஆயாக்கள் சொன்னதற்குப் போய்விட்டீர்கள். இந்த இடத்தில்தான் விசாரணை கோணலாகிறது.

அவருக்குப் பழகிய இடத்தில் உட்காருங்கள். அவர் நம்பும் ஒருவர் கூட இருக்கட்டும். புகார் கொடுத்த அம்மாவும் வேண்டாம், ஆயாக்களும் வேண்டாம். டம்ளர், கழிப்பறை, சாப்பாட்டுக்கூடம் ஆகியவற்றின் படங்களைக் கையில் கொடுங்கள். "தண்ணி தரமாட்டாங்களா?" என்று கேட்டால், கேட்பவரைச் சந்தோஷப்படுத்த "ஆமா" என்று தலையாட்டிவிடக்கூடும். "தண்ணி வேணும்னா என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள். இன்னொரு நாள் அதையே வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள்.

பாட்டிலும் பேசும். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் அளவைக் குறித்துவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிக்கிறாரா, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா, மலச்சிக்கல் உண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். சொல்லாமல் ஒரு நாள் மதியம் இரண்டரை மணிக்குப் போய் நில்லுங்கள். மற்ற பெற்றோரையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஆயாக்களிடமும் தனித்தனியாகவே பேசுங்கள். குற்றச்சாட்டை நீட்டாமல், "நேத்து சாப்பாட்டுக்கு அப்புறம் என்னென்ன செஞ்சீங்க?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லவிடுங்கள். பதினெட்டுப் பேருக்கு இரண்டு ஆயா, ஒரே கழிப்பறை என்றால், தண்ணீரைக் குறைப்பதுதான் வழி என்று யாரோ கண்டுபிடித்திருப்பார்கள். அது மன்னிக்கக்கூடியதல்ல. ஆனால் ஆள் எண்ணிக்கையை முடிவு செய்தது உங்கள் குழு. அதையும் அறிக்கையில் எழுதுங்கள். எழுதக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் எழுதுங்கள்.

இது சின்ன விஷயம் என்று குழுவில் யாராவது சொன்னால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவை வாசித்துக் காட்டுங்கள். தன் பொறுப்பில் இருப்பவருக்குத் தெரிந்தே உணவோ நீரோ மறுப்பது குற்றம்; 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 7ஆம் பிரிவின்படி, கொடுமை நடப்பதாக நம்பும் எவரும் நிர்வாக நடுவரிடம், அதாவது நம் ஊர் வழக்கப்படி தாசில்தாரிடமோ கோட்டாட்சியரிடமோ, தெரிவிக்கலாம். விசாரிக்கும்போது அடித்த தழும்போ, தொடக் கூடாத இடத்தில் தொட்ட பேச்சோ வெளிவந்தால் உங்கள் விசாரணையை அங்கேயே நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்துக்கும் மருத்துவரிடமும் போங்கள். அதற்குமேல் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் சாட்சியத்தைக் கலைக்கும்.

விசாரணை முடியட்டும் என்று தண்ணீர் காத்திருக்க வேண்டாம். நாளையிலிருந்தே யார், எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

இன்றே அந்தத் தாய்க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வேறு மையம் இல்லையே என்ற பயத்தில் எத்தனையோ பெற்றோர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். புகார் கொடுத்ததற்காக உங்கள் மகனை நிறுத்தமாட்டோம் என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும்.