பனிக்காலம் முடியும்வரை மகனை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். ஓரிரு சொற்கள்தான் பேசுவான். நாங்கள் இருப்பது பனி கொட்டும் ஊர். ஜாக்கெட்டையும் கையுறையையும் எடுத்தாலே அலறுகிறான். வெளியே போனதும் பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டுப் பனியில் வெறுங்காலோடு நிற்கிறான், குளிர்வதாகவே தெரியவில்லை. போன வாரம் குடும்பத்தோடு பனிச்சறுக்குத் திடலுக்குப் போனோம். கூட்டம், பாட்டு, வண்ண விளக்குகள். கொஞ்ச நேரத்திலேயே தரையில் படுத்துக் காதில் அடித்துக்கொண்டான். 'இவனை ஏன் இங்கெல்லாம் கூட்டி வருகிறீர்கள்?' என்று உறவினர்களே கேட்டுவிட்டார்கள். ஒன்பது வயது மகளோ, தம்பியால் எங்கேயும் போக முடியவில்லை என்று அழுகிறாள். பேசாமல் கோடை வரும்வரை வீட்டிலேயே இருந்துவிடலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. அவனை வெளியே கூட்டிப் போங்கள். அந்தத் திடலில் நடந்ததை வைத்து அவனுக்கு வெளியிடமே ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரே நேரத்தில் சத்தம், வெளிச்சம், கூட்டம், உடம்பில் உறுத்தும் உடை எல்லாம் சேர்ந்து அவனால் தாங்க முடியாத அளவுக்குப் போயிருக்கிறது. அது அடம் அல்ல. உறவினர்களிடமும் இதையே சொல்லுங்கள்.

ஜாக்கெட் போட்டால் அலறுகிறவன் வெறுங்காலோடு பனியில் நிற்பது உங்களுக்குக் குழப்பமாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது அடிக்கடி பார்க்கிற விஷயம்தான். ஒரே குழந்தைக்குத் தொடுவுணர்வு மிக அதிகமாகவும், குளிரையோ வலியையோ உணர்வது மிகக் குறைவாகவும் இருக்கலாம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களைத் திருத்தியபோது, இந்தப் புலனுணர்வு வேறுபாட்டையும் அதில் சேர்த்தது. ஆகவே உங்கள் மகனைப் பொறுத்தவரை இரண்டு வேலைகள் இருக்கின்றன: உறுத்துவதைக் குறைக்க வேண்டும், அவன் உணராத குளிரை அவனுக்காக நீங்கள் கவனிக்க வேண்டும்.

முதலில் உடை. அனேகமாகப் பயணம் கெடுவதே வாசலில்தான். கையுறையை உள்பக்கம் திருப்பி விரல் நுனியில் தடவிப் பாருங்கள், தையல் முடிச்சு தட்டுப்படும். நமக்கு அது ஒன்றுமே இல்லை, அவனுக்கு முள். ஐந்து விரல் கையுறைக்குப் பதில், நான்கு விரலும் ஒன்றாகப் போகும் பை போன்ற கையுறை வாங்குங்கள். சாக்ஸை உள்பக்கம் வெளியே வருமாறு மாட்டினால் விரல்களில் தையல் படாது. கழுத்துப் பட்டியில் இருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள். நடக்கும்போது சரசரக்கும் துணி, தாடையில் உரசும் ஜிப், புதுத் துணியின் வாசம், இவற்றில் எது அவனைத் தொல்லைப்படுத்துகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். புதிதாக வாங்கியதைச் சில முறை துவைத்த பிறகே கொடுங்கள். வெளியே போகாத நாளிலும் விளையாட்டாகச் சில நிமிடம் போட்டுக் கழற்றிப் பழக்குங்கள். போட்டுவிடும்போது லேசாகத் தடவுவதைவிட, அழுத்திப் பிடிக்கும் கை பல குழந்தைகளுக்குப் பிடிக்கும். எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை மாறவே கூடாது. கையுறை கடைசியில் வரட்டும். அந்த வரிசையைப் படங்களாகக் கதவில் ஒட்டிவிட்டால் நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

காரில் போகிறீர்கள் என்றால், தடித்த ஜாக்கெட்டோடு குழந்தை இருக்கையில் பட்டை போடாதீர்கள். விபத்து நேர்ந்தால் ஜாக்கெட் அமுங்கி, பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் உட்கார வைத்துப் பட்டையை இறுக்கி, மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

அடுத்தது குளிர். இதில்தான் எனக்கு உண்மையான கவலை. குளிர்கிறது என்று அவன் சொல்லமாட்டான், முகத்திலும் காட்டமாட்டான். கால் மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மூக்கு நுனி, காது மடல், கைவிரல், கால்விரல் ஆகியவற்றை நீங்களே தொட்டுப் பாருங்கள். உறைகுளிர் தாக்கினால் தோல் வெளுத்து மெழுகு போல ஆகும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு அந்த நிறமாற்றம் சட்டென்று தெரியாது. அதனால் கண்ணை நம்பாமல், தோல் சில்லென்று விறைத்திருக்கிறதா என்று கையால் பாருங்கள். விறைத்திருந்தால் உடனே உள்ளே கொண்டுபோய், 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் அந்த இடத்தை அமிழ்த்துங்கள். தேய்க்கக் கூடாது. ஹீட்டர் முன்னால் காட்டவும் கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். கொப்புளம் வந்தாலோ, நிறமும் மென்மையும் திரும்பாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போங்கள். நடை தள்ளாடுவது, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கி வழிவது, நடுங்கிக்கொண்டிருந்தவன் உடம்பு சூடாகாமலே நடுக்கத்தை நிறுத்துவது, இவை அவசர அறிகுறிகள். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆம்புலன்சை அழையுங்கள்.

அப்புறம், சட்டென்று ஓடிவிடும் பழக்கம். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது அப்படிப் போக முயன்றிருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. உறைந்த குளத்துக்கும் ஏரிக்கும் பக்கத்தில் இருக்கும் இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வெள்ளைப் பனியில் தூரத்திலிருந்தே தெரியும் ஆரஞ்சு, சிவப்பு ஜாக்கெட் போடுங்கள். உங்கள் தொலைபேசி எண் அதன் உள்ளே இருக்கட்டும்.

சரி, எங்கே போவது? புதிதாகப் பனி விழுந்த காலை நேரத்துத் திறந்தவெளிப் பூங்காவைத்தான் முதலில் சொல்வேன். புதுப் பனி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஊரே அடங்கியது போல இருக்கும் அந்த நேரம் இந்தக் குழந்தைகளுக்குப் பெரிய வரம். அங்கே அவனைச் சும்மா நிற்க வைக்காதீர்கள். சறுக்குப் பலகையை இழுக்கச் சொல்லுங்கள், வாளியில் பனியை அள்ளிச் சுமக்கச் சொல்லுங்கள். தசைக்கும் மூட்டுக்கும் பளு கிடைக்கும் வேலை பல குழந்தைகளை அமைதிப்படுத்துகிறது. அன்றாடச் செயல்களுக்கும் புலனுணர்வுக்கும் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கேட்டால், அவனுக்கு ஏற்ற அளவைச் சொல்வார். வெயில் அடிக்கும் நாளில் பனி கண்ணைக் கூச வைக்கும். கறுப்புக் கண்ணாடியோ முன்விளிம்பு வைத்த தொப்பியோ உதவும்.

உள்ளரங்கம் என்றால், பல அருங்காட்சியகங்களிலும் திரையரங்குகளிலும் விளக்கையும் ஒலியையும் குறைத்து, இப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்றே தனி நேரம் ஒதுக்குகிறார்கள். போன் போட்டுக் கேளுங்கள். சத்தத்தைக் குறைக்கும் காதுக்கவசத்தை உள்ளே நுழைவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள், அழ ஆரம்பித்த பிறகு மாட்டவிடமாட்டான். ஆனால் நாள் முழுக்க அதோடு இருக்கப் பழக்காதீர்கள். போகிற இடத்தின் படத்தை முந்தின நாளே காட்டுங்கள். திரும்பி வந்து வீட்டில் உட்காரும் படமும் அதில் இருக்க வேண்டும். எப்போது முடியும் என்று தெரியாததுதான் இந்தக் குழந்தைகளைப் பெரிதும் கலங்கடிக்கிறது.

முதல் சில தடவை இருபது நிமிடம் போதும். அவன் சந்தோஷமாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். இவ்வளவு தூரம் வந்தோமே என்று இன்னும் கொஞ்ச நேரம் இழுப்பதில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. அப்படியும் நிலைமை கைமீறினால், அமைதியான மூலைக்கோ காருக்கோ கொண்டுபோங்கள். கேள்வி கேட்காதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். பேச்சும் அந்த நேரத்தில் அவனுக்கு இன்னொரு சத்தம்தான். பக்கத்தில் இருங்கள், நேரம் கொடுங்கள்.

உங்கள் மகளின் அழுகையைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பனிச்சறுக்குத் திடலுக்கு அவளை நீங்களோ அவள் அப்பாவோ தனியாக, வேறொரு நாளில் கூட்டிப் போங்கள். தம்பியைப் பற்றிய பேச்சே இல்லாமல் அவள் விரும்பும்வரை விளையாடட்டும். நால்வரும் சேர்ந்து போகும் நாளில், மகன் முதலில் கிளம்ப வேண்டி வந்தால் யார் அவனோடு போவது, யார் மகளோடு இருப்பது, எப்படி வீடு திரும்புவது என்பதை வாசல் தாண்டும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஏற்பாட்டை மகளிடமும் சொல்லிவிடுங்கள்.