முழங்கால் வலியுள்ள அம்மாவோடு ஒரு நாள்: டெல்ஃபியா, மைசீனியா?

ஏதென்ஸிலிருந்து ஒரே ஒரு நாள்தான், கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள், அப்படியானால் பழங்காலக் கிரேக்கக் கோயில் தலமான டெல்ஃபியை இந்த முறை விட்டுவிடுங்கள். பர்னாசஸ் மலைச்சரிவில் கோயில், அதற்கு மேலே அரங்கம், அதற்கும் மேலே ஓட்டப்பந்தயத் திடல் என்று எல்லாமே ஏற்றம், போக மட்டுமே இரண்டரை மணி நேரம்.

பேசாமல் கார் எடுத்துக்கொண்டு பழங்காலக் கோட்டையுள்ள மைசீனி, பழங்கால அரங்கமுள்ள எபிடாரஸ் பக்கம் போங்கள். மைசீனிக் கோட்டைக்குள்ளும் ஏற்றம் உண்டு, ஆனால் அம்மா சிங்க வாசல் வரை மெதுவாக வந்தாலே போதும், கி.மு. 1250 வாக்கில் செதுக்கிய சிங்கங்கள் தலை போன பிறகும் வாசலுக்கு மேலே அதே இடத்தில் நிற்கின்றன. அப்புறம் சாலையில் சற்றுக் கீழே, அட்ரியஸ் என்ற புராண அரசனின் பெயரில் வழங்கும் கல்லறை, அதைத் தவற விடவே கூடாது. வாசல் மேல் கிடக்கும் ஒற்றைக் கல்லே சுமார் 120 டன். உள்ளே அண்ணாந்து பார்த்தால் கல்லடுக்குகள் வட்டம் வட்டமாகக் குறுகி உச்சியில் கூடுகின்றன.

எபிடாரஸ் அரங்கில் அம்மா கீழ்வரிசையில் உட்காரட்டும், 55 வரிசையும் நீங்கள் ஏறுங்கள். கூட்டம் குறைவாக இருந்தால் நடுவட்டத்தில் நின்று அவர் பேசுவது மேலே வரை கேட்கும். கோடையில் போகிறீர்கள் என்றால் மைசீனிக்குக் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், கோட்டையில் நிழலே கிடையாது.