6 மாதக் குழந்தைக்குப் பருப்புத் தண்ணீரில் தொடங்கினால் போதுமா?

பருப்பைக் கடைந்தே கொடுங்கள். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுக்க வேண்டாம். "முதல் ஒரு மாதம் கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் போதும், அப்போதுதான் செரிக்கும்" என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில் சொல்கிறார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

7 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பினால் பசி அடங்கிவிடும், தாய்ப்பால் குடிப்பதும் குறையும், சத்து மட்டும் சேராது. 6 முதல் 8 மாதம் வரை, தாய்ப்பால் போக நாளுக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து கிடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று வழியாமல் ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் சரியான பதம்.

என் இரண்டு பிள்ளைகளுக்கும் பச்சரிசி, பாசிப்பருப்பில்தான் தொடங்கினேன். 2 பங்கு அரிசிக்கு 1 பங்கு பருப்பு. லேசாக வறுத்து, குக்கரில் குழைய வேகவைத்து, கரண்டியால் மசித்து, கொஞ்சம் நெய். உப்பு கிடையாது. முதல் நாள் இரண்டு மூன்று ஸ்பூன் போனாலே போதும். நாக்கால் வெளியே தள்ளும், முகத்தைச் சுளிக்கும். பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாமல் மறுநாளும் கொடுங்கள். புது உணவைக் காலையில் கொடுத்தால் நல்லது. தடிப்போ வாந்தியோ வந்தால் பகலிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது இரும்புச்சத்து. நம் வீடுகளில் அதிகம் பேசப்படாதது இதுதான். பிறக்கும்போது உடம்பில் இருந்த சேமிப்பு 6 மாத வாக்கில் தீர்ந்துபோகும், தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அரிசிக் கஞ்சியால் அதை ஈடுகட்ட முடியாது. அசைவம் சாப்பிடும் வீடென்றால் கோழிக்கறியை நன்றாக வேகவைத்து அரைத்துச் சோற்றில் பிசைந்து ஊட்டலாம். ஈரலும் நல்லது, வாரம் ஒருமுறை கொஞ்சமாகப் போதும். சைவமென்றால் பருப்பு, கீரையோடு தக்காளி சேருங்கள், அந்தப் புளிப்பு இரும்பு உடம்பில் சேர உதவும். ராகியில் கால்சியம் ஏராளம். முளைகட்டி அரைத்தால் இன்னும் நல்லது. முளைகட்டிய மாவில் கஞ்சி அவ்வளவாக இறுகாது. அதனால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு சேர்க்கலாம். 6 மாதம் முதல் வாரம் 2 முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுப்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. தடுப்பூசிக்குப் போகும்போது கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

முட்டை, வேர்க்கடலை இரண்டையும் ஒரு வயதுவரை தள்ளிப்போட வேண்டும் என்பது பழைய கருத்து. அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளிடம் லண்டனில் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. சீக்கிரமே வேர்க்கடலை சாப்பிட்ட குழந்தைகளுக்குக் கடலை அலர்ஜி வெகுவாகக் குறைந்திருந்தது. முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும். கடலையை மையாக அரைத்துக் கஞ்சியில் கலக்க வேண்டும், முழுக்கடலை தொண்டையில் அடைத்துவிடும். குழந்தைக்குத் தோலில் கடுமையான கரப்பான் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம். பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். சர்க்கரை, கற்கண்டும் வேண்டாம். பசும்பாலைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். டீயில் நனைத்த பிஸ்கட்டை யாராவது ஆசையாக நீட்டினால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். டீ இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும்.

காலில் படுக்கவைத்துப் பாலாடையில் புகட்டும் பழக்கம் இருந்தால், இந்த உணவுக்கு அது கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள். ஓக்களித்து இருமினால் பயப்பட வேண்டாம், குழந்தை தானே சமாளித்துக்கொள்ளும். சத்தமே வராமல் மூச்சுத் திணறினால்தான் ஆபத்து. அப்போது என்ன செய்வதென்று உங்கள் டாக்டரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள், ஊட்டப்போகும் மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள்.

8 மாத வாக்கில் கட்டிகட்டியாக மசித்தது, அப்புறம் இட்லி, கையில் பிடித்துத் தின்ன வெந்த கேரட் துண்டு என்று போகலாம். தாய்ப்பாலை 2 வயதுவரையோ அதற்கு மேலுமோ தொடருங்கள். வாயை மூடித் தலையைத் திருப்பிக்கொண்டால் அந்த வேளை போதும், திணிக்க வேண்டாம்.