அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ்: மகளுக்கு எந்த அணி?

கேள்வி: என் மகள் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். தேசிய ஜூனியர் போட்டிகளில் ஆடுகிறாள், யூ.டி.ஆர். (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 7.6. அமெரிக்கக் கல்லூரி அணியில் சேர்ந்து ஸ்காலர்ஷிப்பில் படிக்க ஆசைப்படுகிறாள். எந்தக் கல்லூரிக்கு, எப்போது எழுத வேண்டும்? - கோவை வாசகி

பதில்: முதலில் ஆறு என்ற எண்ணை மனதில் வையுங்கள். டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவு) மகளிர் அணிகள் மோதும்போது மூன்று இரட்டையர் ஆட்டம், ஒவ்வொன்றும் ஒரே செட். அதில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி. ஏழில் நான்கு எடுத்த அணிக்கு வெற்றி. அணியில் பத்துப் பேர் இருந்தால் ஒற்றையரில் நான்கு பேருக்கு இடம் இல்லை. பெயர் பெற்ற கல்லூரியில் சேர்ந்து, நாலு வருடமும் கைதட்டிக்கொண்டு நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

அதனால் கல்லூரியின் விளையாட்டுத் தளத்தில் அணிப் பட்டியலையும் இந்த சீசன் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஐந்தாவது, ஆறாவது இடத்தில் ஆடுபவர்கள் யார்? அவர்களுடைய யூ.டி.ஆர். என்ன? உங்கள் மகள் அதற்கு அரைப் புள்ளி பக்கத்தில் இருந்தால் அந்த அணி பட்டியலில் இருக்கட்டும். அடுத்து, காலியாகும் இடங்களை எண்ணுங்கள். அவள் சேரும் ஆகஸ்டில், இப்போது முதலாண்டில் இருப்பவர்கள் நான்காம் ஆண்டுக்கு வந்திருப்பார்கள். அவர்களுக்கு மேலே உள்ளவர்கள் பெரும்பாலும் படித்து முடித்திருப்பார்கள். ஆனால் வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் மூத்த வீராங்கனைகளை கோச்கள் இப்போது நிறையச் சேர்க்கிறார்கள். கடந்த இரண்டு வருடத்தில் அப்படி எத்தனை பேர் வந்தார்கள் என்று பழைய பட்டியல்களை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். 2022 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிவரை போன டேனியல் காலின்ஸ்கூட முதலில் ஃப்ளோரிடாவில் சேர்ந்து, ஒரு வருடத்தில் வர்ஜீனியாவுக்கு மாறியவர்தான். அங்கே 2014, 2016 இரண்டு முறையும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். பொருந்தும் அணி அவ்வளவு முக்கியம்.

பணம் பற்றிப் பழைய தகவலை நம்ப வேண்டாம். டிவிஷன் 1 மகளிர் டென்னிஸில் எட்டு ஸ்காலர்ஷிப், கொடுத்தால் முழுசாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது பல வருட விதி. 2025-26 முதல், நீதிமன்ற சமரசத்தால் வந்த புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணிக்குப் பத்துப் பேர் என்ற உச்சவரம்பு வந்துவிட்டது. பத்துப் பேருக்கும் முழுசாகவும் தரலாம், பிரித்துப் பாதி, கால் என்றும் தரலாம். டிவிஷன் 2-இலும் பிரித்துத் தருவதுதான் வழக்கம். டிவிஷன் 3-இலும், ஹார்வர்ட், யேல் போன்றவை அடங்கிய ஐவி லீக்கிலும் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப்பே கிடையாது. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரும் உதவிதான்.

பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை டிவிஷன் 1 கோச் உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது. அதற்கு முன் எழுதிப் பதில் வராமல், 'வேண்டாம் என்கிறார்கள்' என்று மனம் உடைபவர்கள் அதிகம். மே மாதம் முப்பது கோச்களுக்கு மெயில் எழுதுங்கள், துணை கோச்சையும் சேர்த்து; பதிலை மட்டும் ஜூன் 15-க்குப் பிறகு எதிர்பாருங்கள். தலைப்பிலேயே பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, யூ.டி.ஆர். வர வேண்டும். கடிதம் பத்து வரி போதும். அதில் ஒரு வரியாவது அந்த அணியைப் பற்றியதாக இருக்கட்டும். அதை அவளே எழுதட்டும். அம்மா எழுதியது என்று கோச்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

வீடியோ ஐந்து முதல் எட்டு நிமிடம். கேமரா பேஸ்லைனுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேல். இரண்டு நிமிடம் சர்வ், ரிட்டர்ன், ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், வாலி. மிச்சம் முழுவதும் மேட்ச், வெட்டாமல், தோற்ற பாயின்டுகளோடு. பிரேக் பாயின்ட் இழந்த பிறகு அவள் எப்படி நடந்து போகிறாள் என்பதைத்தான் கோச் பார்ப்பார். பாட்டு சேர்க்க வேண்டாம். இரட்டையர் ஆட்டம் கட்டாயம் இருக்கட்டும்; ஒற்றையரில் ஏழாவதாக இருக்கும் பெண்ணுக்கு உள்ளே நுழைய அதுதான் வாசல்.

யூ.டி.ஆர். கடந்த 12 மாதத்தில் ஆடிய கடைசி 30 ஆட்டங்கள் வரை எடுத்துக்கொள்ளும். வென்றாயா என்பதைவிட யாரிடம் எத்தனை கேம் எடுத்தாய் என்பதே அதற்குக் கணக்கு. எளிய எதிராளியை 6-0, 6-0 அடிப்பதைவிட, வலுவானவளிடம் 4-6, 4-6 தோற்பது உதவலாம்.

படிப்பில் தவறுபவர்கள்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறார்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் தகுதிக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுக்குள் 16 பாடங்கள் (ஒரு பாடம் ஓராண்டு படித்தால் ஒன்று) முடிய வேண்டும். அதில் கணக்கு மூன்று ஆண்டு. பயிற்சிக்கு நேரம் வேண்டுமென்று பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டாலோ, பிளஸ் டூவை இழுத்து முடித்தாலோ சிக்கல். பள்ளி முடித்து ஒரு வருடம் போட்டி ஆடிவிட்டுச் சேர்வதும் ஆடும் ஆண்டுகளைக் குறைத்துவிடும். சாட் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை என்.சி.ஏ.ஏ. 2023-லிருந்து கேட்பதில்லை, ஆனால் சில பல்கலைக்கழகங்கள் கேட்கும்.

கோச் 'தருகிறோம்' என்றதும் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை டாலர், எத்தனை வருடம், காயம் பட்டால் தொடருமா, மருத்துவக் காப்பீடு அதில் அடங்குமா. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தரும் தொகையில் வெளிநாட்டு மாணவிக்கு 14 சதவீதம் வரி பிடிப்பது வழக்கம். அதைக் கையிலிருந்து கட்ட வேண்டிவரலாம். ஏஜென்ட் வைத்தால் முன்கூட்டியே பேசிய நிலையான கட்டணம் மட்டும் கொடுங்கள். ஸ்காலர்ஷிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரிடம் கையெழுத்துப் போட்டால் மகளின் அமெச்சூர் தகுதியே போகக்கூடும்.