ஹோஹென்சோலர்ன் சிலுவை வாங்கலாமா? வாள்களை உற்றுப் பாருங்கள்

கேள்வி: நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். பழைய பதக்கங்கள் மேல் ஆசை. இணையத்தில் ஒருவர் 'ஹோஹென்சோலர்ன் குடும்ப விருது, வாள்களுடன், முதல் உலகப் போர்க் காலம்' என்று போட்டு 850 யூரோ கேட்கிறார். கூடவே ஒரு விருதுப் பத்திரமும் தருகிறாராம். முதல் உலகப் போரின் புகழ்பெற்ற ஜெர்மன் போர் விமானி ரிச்தோஃபனுக்குக் கிடைத்த அதே விருது என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஹோஹென்சோலர்ன் என்பது பழைய ஜெர்மன் அரச குடும்பம் ஒன்றின் பெயர். முதலில் அது எந்த ஹோஹென்சோலர்ன் விருது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயரில் இரண்டு விருதுகள் இருக்கின்றன. மூத்தது, 1841-ல் தென்ஜெர்மனியில் ஹெக்கிங்கன், சிக்மாரிங்கன் என்ற இரண்டு சிறு சிற்றரசுகளின் இளவரசர்கள் சேர்ந்து ஏற்படுத்தியது. 1850-ல் அந்த நாடுகள் பிரஷ்யா என்ற பெரிய ஜெர்மன் அரசோடு சேர்ந்துவிட்டன, மறு வருடமே பிரஷ்ய மன்னர் இதே வடிவில் தனக்கென ஓர் அரச விருதை வைத்துக்கொண்டார். இளவரசர் குடும்பத்தின் விருது தனியாகத் தொடர்ந்தது. ரிச்தோஃபனுக்குக் கிடைத்தது அரச விருது. சிறு வாள் உருவங்கள் பொருத்திய அதன் வீரச் சிலுவை என்ற தரம் முதல் உலகப் போரில் 8,000-க்கும் மேல் வழங்கப்பட்டது.

பிரித்துப் பார்ப்பது சுலபம்தான். இரண்டும் வெள்ளை எனாமல் சிலுவை, கைகளுக்கு நடுவே இலை வளையம். நடுவட்டத்தில் கழுகும் 'பாறையிலிருந்து கடல்வரை' என்ற பொருளில் 'ஃபோம் ஃபெல்ஸ் சும் மேர்' என்ற வாசகமும் இருந்தால் அரச விருது. கருப்பு வெள்ளைக் கட்டங்களாகப் பிரித்த கேடயமும், 'விசுவாசத்துக்கும் சேவைக்கும்' என்று பொருள்படும் வாசகமும் இருந்தால் இளவரசர் குடும்பத்துடையது. ரிப்பனை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அதை யாரும் மாற்றிவிடலாம்.

அப்புறம் வாள்கள். வாள் இருந்தால் போர்க்கால விருது, அதனால் விலை ஏறும், அதனாலேயே சாதாரணச் சிலுவையில் பின்னாளில் வாள் பொருத்தி விற்பவர்கள் உண்டு. நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை எடுத்து, வாள் சிலுவையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். எனாமல் போட்ட பொருளைப் பெரிய சூட்டில் பற்றவைத்தால் எனாமல் வெடித்துவிடும், ஆகவே பின்னால் ஒட்டுபவர் ஈயம் வைத்தோ பசை வைத்தோதான் ஒட்ட முடியும். அங்கே மங்கிய சாம்பல் நிறத்தில் பிசிறு தெரிந்தால் கையில் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனாமல் ஒரே இடத்தில் மட்டும் அதிக வெள்ளையாக, பளபளப்பாக இருந்தால் அங்கே பூசிச் சரிசெய்திருக்கிறார்கள். அது மோசடி இல்லை, ஆனால் விலை குறைய வேண்டும்.

பத்திரத்துக்குத் தனி மதிப்பு உண்டு, ஆனால் அதில் இருக்கும் பெயர் சிலுவையில் இருக்காது. யாரோ ஒருவரின் பத்திரத்தை யாரோ ஒருவரின் சிலுவையோடு சேர்த்துவிட்டால் கண்டுபிடிக்க வழியில்லை. 'குடும்பத்திலிருந்து நேரே வந்தது' என்ற பேச்சுக்கு ஒரு யூரோகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி. விற்பவர் வியாபாரியா தனிநபரா என்று கேளுங்கள். வியாபாரியாக இருந்து இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம். தனிநபரிடம் அந்த உரிமை இல்லை. விளம்பரத்தில் 'சாம்லர்ஆன்ஃபெர்டிகுங்' என்ற சொல் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், சேகரிப்பாளருக்காகச் செய்த நகல் என்று அர்த்தம். பில்லில் '1918 வரை செய்யப்பட்ட அசல்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வாங்கினால் பாலிஷ் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தங்க முலாம் மெல்லியது, இரண்டு தடவை தேய்த்தால் அடியில் இருக்கும் வெள்ளி எட்டிப்பார்க்கும். நகைக்கடை அல்ட்ராசோனிக் தொட்டியிலும் போடக் கூடாது, மயிரிழை விரிசல் உள்ள எனாமல் அங்கேயே உதிரும். மென்மையான உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்துப் பெட்டியில் வையுங்கள், போதும்.