கழுத்து வலிக்கு ஒரு கடை, கரும்புள்ளிக்கு வேற கடை

மூணு மாசத்துல கல்யாணம், மூஞ்சில பரு வந்து போன கரும்புள்ளி, லேப்டாப் பாத்து பாத்து கழுத்து வலி வேற, சாதா ஸ்பாவா மெடிக்கல் ஸ்பாவான்னு கேட்டிருக்கீங்க. கழுத்துக்கு சாதா ஸ்பா போதும், எண்ணெய் மசாஜ் ஒரு மணி நேரம், நல்லா தூக்கம் வரும். ஆனா வலி கையில இறங்கி விரல் மரத்துப்போகுதுன்னா மசாஜ் வேண்டாம், டாக்டர்கிட்ட காட்டுங்க.

கரும்புள்ளிக்கு ஃபேஷியல்ல காச கொட்டாதீங்க, அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பளபளன்னு இருக்கும், அவ்ளோதான். மெடிக்கல் ஸ்பால பண்றது கெமிக்கல் பீல் (மருந்து தடவி மேல்தோல உரிய வைக்கிறது), லேசர் மாதிரி தோலையே மாத்துற வேலை, நம்ம மாநிறத் தோல்ல நிறம் குடுக்கிற மெலனின் ஜாஸ்தி, லேசர் மெஷின் செட்டிங் கொஞ்சம் கூடிப்போனா சுட்டுடும், இருக்கிற புள்ளி போய் புதுப் புள்ளி வந்து உக்காந்துக்கும். என் தங்கச்சிக்கு அப்படித்தான் ஆச்சு, தாடையில நாலு கோடு, டாக்டர் பேரு போர்டுல இருந்துச்சு, ஆளு இல்ல, மெஷின பிடிச்சது ரிசப்ஷன்ல உக்காந்திருந்த பொண்ணு! அதனால தோல் டாக்டர் யாரு, நேர்ல பாப்பாங்களா, மெடிக்கல் கவுன்சில் ரெஜிஸ்டர் நம்பர் என்னன்னு கூச்சப்படாம கேளுங்க. பருவுக்கு மாத்திரை எடுத்தா மறைக்காம சொல்லிடுங்க.

பீல் பண்றதா இருந்தா இப்பவே ஆரம்பிங்க, சன்ஸ்கிரீன் தினமும் போடணும். கல்யாண வாரத்துல புதுசா எதுவும் வேண்டாம், உரியிற மூஞ்சியோட மணமேடையில உக்கார முடியாது. மசாஜ்னா ரெண்டு நாள் முன்னாடி கூட போயிட்டு வாங்க.