மிஸ், மாதா ஏன் பொட்டு வெக்கல?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க ஸ்கூல் கதைங்க எல்லாத்தையும் விடாம படிக்கிறவ நான். கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கோம், கல்யாணமாகி மூணு வருஷம் ஆகுது. போன ஜூன்லேர்ந்து இங்க சிஸ்டருங்க நடத்துற ஒரு ஸ்கூல்ல எல்.கே.ஜி. மிஸ்ஸா இருக்கேன். 27 புள்ளைங்க, நான் ஒருத்தி, ஒரு ஆயாம்மா. நாங்க இந்து, மாமியார் தெனமும் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போறவங்க. ஸ்கூல்ல காலைல நாந்தான் சிலுவை அடையாளம் போட்டு ப்ரேயர் சொல்லித் தரணும், ஸ்நாக்ஸுக்கு முன்னாடி ஒண்ணு, வீட்டுக்குப் போறப்ப ஒண்ணு. ஆரம்பத்துல ஒண்ணும் தோணல. போன மாசம் ஒரு பையன் மாதா சிலையப் பாத்துட்டு "மிஸ், நீங்க பொட்டு வெச்சிருக்கீங்க, மாதா ஏன் வெக்கல?"ன்னு கேட்டான். எனக்கு சட்டுனு ஒண்ணும் வரல, வாயில விரல் வைன்னு சொல்லி உக்கார வெச்சிட்டேன். அன்னிலேர்ந்து ப்ரேயர் சொல்றப்பல்லாம் நாம நம்பாத ஒண்ண புள்ளைங்ககிட்ட சொல்றமோ, பொய் சொல்றமோன்னு உறுத்துது. மாமியார் வேற "அங்க சிலுவை போட்டுட்டு வந்து இங்க வெளக்கேத்துறியே"ன்னு ஜாடையா கேக்கறாங்க. வீட்டுக்காரரு "ஏபிசிடி சொல்லிக் குடுக்கற வேல, இதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கிறியா"ன்னு சிரிக்கிறாரு. நீங்க பாண்டில இதே மாதிரி ஸ்கூல்ல ரொம்ப வருஷம் இருந்தவங்க, கிறிஸ்டியனும் கூட. நான் செய்றது தப்பா? வேலய விட்டுடலாமா? பேர் போட வேணாம் அக்கா.

*

அன்புத் தங்கச்சிக்கு,

வேலய விடாதீங்க. இத மொதல்ல சொல்லிடறேன், மீதிய புள்ளைங்க தூங்குனப்பறம் பொறுமையா படிங்க.

திருப்பாதிரிப்புலியூர்னு பாத்ததும் சிரிச்சிட்டேன். எங்க ஸ்கூலுக்கு உங்க ஊர்லேர்ந்து தெனம் பஸ் புடிச்சு ஒரு மிஸ் வருவாங்க, ஊர் பேர்லயே பாதிரி இருக்கே, அப்ப நீங்க எங்க ஆளுதான்னு நாங்க ஓட்டுவோம், அவங்களுக்கு வர்ற கோவத்தப் பாக்கணுமே, "அது பாதிரி மரம், எங்க கோயில் தல மரம், உங்க பாதிரியார் எல்லாம் நேத்து வந்தவங்க"ன்னு ஒரு பிடி பிடிப்பாங்க. பிடிச்சு முடிச்ச கையோட போயி அழகா ப்ரேயர் சொல்லிக் குடுப்பாங்க. எங்க ஸ்டாஃப் ரூம்ல பாதிக்கு மேல அவங்கள மாதிரிதான்.

நான் 2005லேர்ந்து 2016 வரைக்கும் 11 வருஷம் எல்.கே.ஜி.தான். நடுவுல ஒரு தடவ ப்ரமோஷன் மாதிரி ஒண்ணாங்கிளாஸ் குடுத்தாங்க, வேணாம்னுட்டேன். இந்த 11 வருஷத்துல எனக்குத் தெரிஞ்சு மூணரை வயசுப் புள்ளைக்கு சிலுவை அடையாளம்ங்கறது மொதல்ல ஒரு கை வேல, அவ்ளோதான். நாம எதிர்ல நின்னு வலது கையால போட்டா அதுங்க கண்ணாடியப் பாத்த மாதிரி இடது கையால போடும், அதுக்காக நான் புள்ளைங்களுக்கு முதுகக் காட்டி நின்னு போடுவேன், போடுற நேரத்துல பின்னாடி ஒருத்தன் இன்னொருத்தன் டிபன் பாக்ஸத் தொறந்திருப்பான். காவல் சம்மனசுக்கு, அதான் நம்மளக் காக்கற தேவதூதருக்கு, ஒரு ஜெபம் உண்டு, அக்டோபர் 2 அவங்க திருநாள், அன்னிக்கு காந்தி ஜெயந்தி லீவுங்கறதால நாங்க முந்தின நாளே குழந்தை தெரசம்மா திருநாளோட சேத்துக் கொண்டாடிடுவோம். ஒரு தடவ எல்லாரும் கண்ண மூடி ஜெபம் சொல்லிட்டிருக்கப்ப ஒரு பொண்ணு மேல பாத்துக்கிட்டே நிக்குது, என்னடின்னா, "சம்மனசுக்கு றெக்கை இருக்கே மிஸ், ஃபேன்ல அடிபடாதா?" நான் ஃபேன ஆஃப் பண்ணிட்டேன். வேற என்ன பண்றது.

விளையாட்டா சொல்லித் தப்பிக்கிறேன்னு நெனைக்காதீங்க. உறுத்துதுன்னா உறுத்துது, அது நல்ல உறுத்தல்தான். நேரா போயி ஹெச்.எம். சிஸ்டர்கிட்ட சொல்லுங்க: "புள்ளைங்கள நிக்க வெச்சு, அமைதியாக்கி, கைகூப்ப வெக்கறது என் பொறுப்பு சிஸ்டர், சிலுவை அடையாளமும் ஜெபமும் நம்ம கத்தோலிக்கப் புள்ளைங்கள்ல ஒருத்தர தெனம் ஒருத்தரா முன்னாடி நிறுத்தி சொல்ல வெக்கட்டுமா?" எனக்குத் தெரிஞ்ச சிஸ்டருங்க இதுக்கு சரின்னுதான் சொல்வாங்க, முன்னாடி வந்து நிக்கறதுக்கு புள்ளைங்களும் அடிச்சுக்கும். சட்டமும் ஒரு வார்த்த. அரசியல் சாசனம் 28(3)ல, அரசு அங்கீகாரம் இருக்கற ஸ்கூலோ அரசு பணம் வாங்குற ஸ்கூலோ, அங்க படிக்கிற யாரயும் மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ சம்மதமில்லாம உக்கார வெக்கக் கூடாது, மைனரா இருந்தா பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்கு. இது படிக்கறவங்களுக்கு சொன்னது, மிஸ்ஸுங்களப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல. ஆனா 1986ல சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கேஸ் வந்துச்சு, கேரளால யெகோவாவின் சாட்சிகள் சபையச் சேந்த மூணு புள்ளைங்க தேசிய கீதத்துக்கு எழுந்து நிப்பாங்க, பாட மட்டும் மாட்டாங்க, அதுக்காக ஸ்கூல விட்டு அனுப்பிட்டாங்க. மரியாதையா நின்னாங்கல்ல, அது போதும், திரும்ப சேத்துக்கங்கன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். மரியாதையா நிக்கறவங்கள யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, அது மிஸ்ஸா இருந்தா என்ன.

மாமியார அடுத்த ஈஸ்டர் கழிஞ்சு பாண்டி பக்கத்துல வில்லியனூர் மாதா கோயில் தேருக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்தக் குளத்தச் சுத்தி, மஞ்சப் புடவையும் பூவும் பொட்டுமா நிக்கற கூட்டத்துல யாரு எந்தச் சாமின்னு அவங்களே கண்டுபிடிச்சு சொல்லட்டும். எங்க தவக்காலம் ஆரம்பிக்கற சாம்பல் புதனன்னிக்கு சாமியார், அதான் சர்ச் ஃபாதர், வந்து எங்க நெத்தியில எல்லாம் சாம்பல் பூசுவாரு, போன வருஷத்து குருத்தோலைய எரிச்ச சாம்பல் அது, க்ளாசுக்குள்ள நுழைஞ்சா ஒரு பொடியன் "எங்க தாத்தாவும் வெப்பாரு மிஸ், மூணு கோடு, உங்களது ஏன் அழிஞ்சிருக்கு"ன்னான். சாமியாரப் பத்தி என்னத்த சொல்ல.

இப்ப நான் சொல்ல வந்தத சொல்றேன். கடிதத்துல பொய்னு ஒரு வார்த்த எழுதியிருக்கீங்கல்ல, அது என்னய ரெண்டு நாளா தூங்க விடல. ஏன்னா நான் க்ளாஸ்ல பொய் சொன்னவதான், ஆனா அது ஜெபத்துல இல்லம்மா, நோட்டுல.

ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லாண்டிங் லைன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட்டுக்குள்ள நாலு கோடு நோட்டுல ஏ லேர்ந்து இசட் வரைக்கும், தமிழ்ல அ லேர்ந்து ஃ வரைக்கும் முடிச்சாகணும். இந்த அ இருக்கே, சுழிச்சு, வளைச்சு, ஒரு கோடு இழுத்து, பெரியவங்களுக்கே யாராவது சொல்லிக் குடுத்தாத்தான் வரும். 30 புள்ளைங்க, அதுல 10, 12 புள்ளைங்களுக்கு பென்சில் பிடியே வந்திருக்காது. ஓபன் டேக்கு நோட்டு எல்லாம் நெறஞ்சிருக்கணும், "பேரண்ட்ஸ் கேக்கறாங்க மிஸ், பக்கத்து ஸ்கூல்ல சென்டென்ஸே எழுதறாங்களாம்"னு மேல இருக்கறவங்க சொல்வாங்க, ஒரு பக்கம் வெறுமையா இருந்தாலும் கூப்பிட்டு வெச்சுக் கேள்வி. அதனால நாங்க என்ன பண்ணுவோம்னா, வெள்ளிக்கிழம சாயங்காலம் உக்காந்து புள்ளைங்க நோட்ட நாங்களே எழுதிடுவோம். நான் இடது கையால எழுதுவேன், அப்பத்தான் புள்ள எழுத்து மாதிரி கோணலா வரும். எங்க ஆயாம்மா பெருக்கிக்கிட்டே வந்து எட்டிப் பாத்துட்டு "அசல் அந்தப் பையன் எழுத்தேதான் மிஸ்"னு பாராட்டுனாங்க. மறுநாள் அந்தப் பையனோட அம்மா நோட்ட போட்டோ எடுத்து வாட்ஸாப்ல டி.பி.யா வெச்சாங்க. என் இடது கை எழுத்து. அந்தப் பையன் பக்கத்துல நின்னு நோட்டப் பாக்கறான், என்னப் பாக்கறான், மறுபடி நோட்டப் பாக்கறான். ஒண்ணும் சொல்லல. இது தான் எழுதுனது இல்லன்னு அவனுக்குத் தெரியும், அம்மா சந்தோஷமா இருக்காங்கன்னும் தெரியும். நாலு வயசுல அவன வாயடைச்சு நிக்க வெச்சேன் பாருங்க, அதுக்கு நான் பாவசங்கீர்த்தனம், அதான் சாமியார்கிட்ட பாவத்த ஒத்துக்கறது, பண்ணேன், நெசமாவே பண்ணேன், சாமியாருக்கு இதெல்லாம் ஒரு பாவமான்னு புரியல, மூணு தடவ அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிட்டாரு.

கடுப்பு என்னன்னா, இந்த விஷயத்துல எங்க ஆளுங்களுக்கு வழி காட்ட எங்கயும் தேட வேணாம். சின்னப் புள்ளைங்க படிப்புக்குன்னே ஒரு முறைய உண்டாக்குன மாண்டிசோரி அம்மா கத்தோலிக்கப் பொம்பளதான், டாக்டரு. ரோம்ல ஏழைக் குடியிருப்பு ஒண்ணுல மொதல் குழந்தைகள் வீட்ட அவங்க தொறந்தது 1907 ஜனவரி 6, எங்களுக்கு மூணு ராஜாக்கள் திருநாள். 1939ல 69 வயசுல மெட்ராஸ் அடையாறுக்கே வந்தாங்க, யுத்தத்துல மாட்டிக்கிட்டு 1946 வரைக்கும் இந்தியாலயே இருந்து இங்க உள்ளவங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்தாங்க. கைதான் மொதல்ல வளரணும், ஊத்தறது, அள்றது, கோக்கறது, சொரசொரப்பான எழுத்த விரலால தடவறது, அதுக்கப்பறம் எழுத்து தானா வரும்ங்கறதுதான் அவங்க சொன்னது. நம்ம மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்கு, பொறக்கறப்ப அதெல்லாம் வெறும் குருத்தெலும்பு, வருஷா வருஷம் ஒண்ணொண்ணா கெட்டியாகும், கடைசி எலும்பு வர்றதுக்கு 8 வயசுக்கு மேல ஆயிடும். அந்தக் கைய புடிச்சு 26 எழுத்தயும் பத்துப் பத்து தடவ எழுத வெக்கறோம். 2020 தேசிய கல்விக் கொள்கைல கூட 3 லேர்ந்து 8 வயசு வரைக்கும் ஒரே கட்டம், வெளையாட்டு வழியாதான் படிப்புன்னு இருக்கு. பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு.

அதுக்கப்பறம் நான் இடது கையால எழுதறத விட்டுட்டேன். வெறும் பக்கம் வெறுமையா போச்சு, கூப்பிட்டுக் கேட்டாங்க, "அவனுக்கு இன்னும் வரல, ஆனா பாசிப்பயறு மொச்சை கலந்து குடுத்தா அஞ்சு நிமிஷத்துல பிரிச்சிடறான், வந்து பாருங்க"ன்னு சொன்னேன். சில பேரு பாத்தாங்க. ரெண்டு பேரண்ட்ஸ் செக்‌ஷன் மாத்திக் கேட்டாங்க, மாத்திக் குடுத்தாங்க. அதுவும் நடந்துச்சு, மறைக்கல.

உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு. தானே புயல் 2011 டிசம்பர் 30 அடிச்சுச்சுல்ல, உங்க ஊர்தான் ரொம்பப் பட்டுது, எங்களுக்கும் தெருவுல ஒரு மரம் மிச்சமில்ல. ஸ்கூல் தொறந்தப்ப படம் வரையச் சொன்னா எல்லாப் புள்ளைங்களும் மரத்தப் படுக்க வெச்சுத்தான் வரைஞ்சுதுங்க. நான் போர்டுல ஸ்லீப்பிங் லைன் போட்டு இது என்னன்னு கேட்டேன், ஒருத்தன் "மரம்"னான். அப்ப ஸ்டாண்டிங் லைன்? "அதுவும் மரம் மிஸ், முன்னாடி இருந்துச்சு." ஏபிசிடி சொல்லிக் குடுக்கற வேலதான், சரிதான், அவரு ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஜூன் மொத வாரத்துல 27 புள்ளைங்க ஒண்ணா அழுவுற எடத்துல, ஒண்ணு ஒங்க முந்தானயப் புடிச்சுத் தொங்க, ஒண்ணு நனைச்சுக்கிட்டு நிக்க, ஒண்ணு கேட்டப் பாத்து ஓட, அங்க வந்து நிக்கட்டும்.

கடைசியா பொட்டுக் கேள்வி. அந்தப் பையன மறுபடி கூப்பிடுங்க, மறந்திருக்க மாட்டான், இந்த வயசுல கேட்டத மறக்கற மாதிரி நடிக்கும், மறக்காது. மாதா நாசரேத்துங்கற தூரத்து ஊர்க்காரங்க, அங்க பொட்டு வெக்கற பழக்கம் இல்லடா, நம்ம ஊர்ல வெப்போம், எனக்குப் பிடிக்கும், அதான் வெச்சிருக்கேன்னு சொல்லிடுங்க. இதுல ஒரு வார்த்த பொய் இருக்கா? எங்கம்மாவும் பொட்டு வெச்சவங்கதான், அவங்க பொட்டோடயே தெனம் பூசைக்குப் போனாங்க, எங்க பாட்டிக்குத்தான் ஆகாது. அவன் அதோட விட மாட்டான், அடுத்து மாதா ஏன் செருப்பு போடலன்னு கேப்பான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உங்க ஸ்கூல்ல இருக்கறது லூர்து மாதாவா இருந்தா ரெண்டு கால்லயும் ரோஜாப்பூ இருக்கும், அதக் காட்டி சமாளிங்க.

அன்புடன்,
அக்கா